மலை உச்சியில் ஒரு கண் ஆபரேஷன்

ஹவாய்த் தீவில் மௌனா கேயா மலை உச்சி. உயரம் சுமார் 4,200 மீட்டர். காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்ததுமே எனக்கு மூச்சு வாங்கியது. 'பேசாமல் பீச்சிலேயே படுத்துக் கிடந்திருக்கலாமேடா!' என்று மனசு புலம்பியது.

எதிரே வெள்ளைக் கூண்டுக்குள் கெக் டெலஸ்கோப். 36 துண்டுகள் சேர்ந்த 10 மீட்டர் கண்ணாடி! அது திரட்டும் நட்சத்திர ஒளியை வானவில்லாகப் பிரிப்பது 'ஹைரெஸ்' என்ற கருவி, 1993-ல் வந்தது. வானவில்லைப் படம் பிடிக்க அதில் ஒரு சிலிக்கான் சில்லு. 2004-ல் அதைக் கழற்றிவிட்டு மூன்று புதுச் சில்லுகள் வைத்தார்கள். மூன்றும் சேர்ந்தே உள்ளங்கை அகலம்தான்.

பலன்? கிரகம் சுற்றும்போது தன் நட்சத்திரத்தை லேசாக ஆட்டும். அந்த ஆட்டத்தை அளப்பதில் முன்பு விநாடிக்கு 3 மீட்டர் பிசகியது; பிறகு சுமார் 1 மீட்டர். எங்கோ ஒரு சூரியன், தாத்தா வாக்கிங் போகிற வேகத்தில் அசைந்தாலும் மாட்டிக்கொள்ளும்! கண்ணாடி அதேதான், நட்சத்திரமும் அதேதான். கண்தான் புதுசு. அதுவரை ஒளிந்திருந்த சின்னக் கிரகங்கள் சிக்க ஆரம்பித்தன.

'கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு சார்' என்றால், 'இருக்கிறதை வெச்சு ஓட்டுய்யா' என்கிற எங்கள் மேனேஜரை ஒருமுறை இங்கே கூட்டி வரணும். மூச்சு வாங்குகிற நேரம்... மறுத்துப் பேச மாட்டார்!