கொழும்பின் பழைய படமாளிகைகள்

கோட்டையிலிருந்து கொம்பனித் தெருவை நோக்கிச் செல்லும் வழியில், பேரை வாவிக்கு அண்மையில் றீகல் படமாளிகை நிற்கின்றது. அதன் முன்னே ஓடும் வீதிக்குச் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை என்று பெயர். நாள்தோறும் அவ்வழியே செல்வோருட் பலர் அப்பெயருக்குரியவர் யாரென வினவுவதில்லை. 1928 ஆம் ஆண்டிலே ‘சிலோன் தியேட்டர்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்து, இலங்கையிற் படக்காட்சித் தொழிலை ஒழுங்கானதொரு வணிகமாக்கிய தமிழர் அவர்.

அவருக்கு முன்னரே இந்நாட்டிற்குப் படம் வந்துவிட்டது. 1901 இல் தியத்தலாவை முகாமிற் சிறைவைக்கப்பட்டிருந்த போயர் யுத்தக் கைதிகளுக்குக் காட்டப்பட்டதே இங்கு நிகழ்ந்த முதற் காட்சி என்பர். பின்னர் கூடாரங்களில் ஊமைப் படங்கள் ஓடின. மக்கள் அவற்றைப் ‘பயஸ்கோப்’ என்றனர்; பேசும் படம் வந்த பின்னரும் முதியோர் வாயில் அச்சொல்லே நிலைத்தது. கல்கத்தாவைச் சேர்ந்த மதன் கம்பெனியார் மருதானையில் எல்பின்ஸ்டன் படமாளிகையை நடத்தினர். அதற்கு அண்மையில் உள்ள டவர் ஹோல், 1911 இல் நாடகத்துக்கென எழுந்த அரங்கு. பேசும் படம் வந்ததும் நாடகம் நலிந்தது. டவர் ஹோலும் படமாளிகையாயிற்று.

நாடகத்தில் முன்வரிசைக்கே விலை அதிகம். படமாளிகையிலோ திரைக்கு மிக அருகிலுள்ள இடமே ஏழையின் இடம். அதற்குக் ‘கலரி’ என்று பெயர். கழுத்தை நிமிர்த்தி, வாங்கிலே நெருங்கி அமர்ந்து, சீழ்க்கையடித்துப் படம் பார்த்தவர்களுள் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என எல்லோரும் இருந்தனர். தமிழ் ஒரு சொல்லும் அறியாத சிங்களத் தொழிலாளி தமிழ்ப் படத்தின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வீடு செல்வான். அம்மெட்டுக்கே சிங்களச் சொற்களை அமைத்துப் பாடிய படங்களும் பல. இசை வல்லோர் இதனைக் குறை கூறுவர், கூறட்டும். கலரியில் இருந்தவர்கள் குறை கூறவில்லை.

முதற் சிங்களப் பேசும் படத்தின் வரலாறும் இத்தகையதே. ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21 ஆம் நாள் கொட்டாஞ்சேனையில் உள்ள கிங்ஸ்லி படமாளிகையிற் காண்பிக்கப்பட்டது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்ட இடம் மதுரை. நெறிப்படுத்திய ஜோதிஷ் சிங் வங்காளி. கதாநாயகியாக நடித்துச் சிங்கள மக்களின் உள்ளங்கவர்ந்த ருக்மணி தேவியின் இயற்பெயரோ டெய்சி றாசம்மா டானியல்ஸ். இவர்களுள் எவரை நீக்கினாலும் அப்படம் இல்லை. சிங்களத் திரைப்படம் வேறு, தமிழர் முயற்சி வேறு என்று கோடு கிழிக்க விரும்புவோர் அன்றைய கொட்டாஞ்சேனையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

நாயகத்துக்குப் பின் வந்தவர் கே. குணரத்தினம். ‘சினிமாஸ் லிமிட்டெட்’ என்னும் அவரது நிறுவனம் படமாளிகைகளை நடத்தியதோடு அமையாது, 1953 இல் ‘சுஜாதா’வையும் 1960 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘சந்தேசய’வையும் தயாரித்தது. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை நிறுவியவரும் அவரே.

பழைய படமாளிகைகளிற் படம் காட்டும் அறையைக் கட்டியோர் நெருப்புக்கு அஞ்சியே கட்டினர். அக்காலத்துப் படச்சுருள் எளிதிற் பற்றும் நைத்திரேற்றினாலானது. கரிக்கோல்கள் இரண்டின் நுனிகளிடையே எரியும் பேரொளி அதற்கு அருகிலேயே இருந்தது. ஆதலின் தடித்த சுவரும், சட்டென விழுந்து மூடும் இரும்புத் தகடும் வேண்டியிருந்தன. 1950 களின் தொடக்கத்தில் எளிதிற் பற்றாத சுருள் வழக்குக்கு வந்து அவ்வச்சம் நீங்கிற்று. ஆனால் 1983 ஜூலையில் நெருப்பு வெளியிலிருந்து வந்தது. விஜயா ஸ்டூடியோ எரிந்தது. அங்கிருந்த சிங்களப் படங்களின் சுருள்களும் எரிந்தன. தமிழரின் உடைமை என்று வைத்த தீயில் அழிந்தது சிங்கள மக்களின் கலைச்செல்வம். குணரத்தினம் 1989 இற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

படமாளிகைகள் நலிந்தமைக்குக் கலவரம் மட்டும் காரணமன்று. 1972 இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றியபின் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் தனியார் கையைவிட்டுப் போயின. 1979 இல் தொலைக்காட்சி வந்தது. வீட்டிலிருந்தே படம் பார்க்கலாம் என்றானபின் மழையில் வரிசையில் நிற்க யார் வருவார்?

ஆயினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கும் மாணவர்கள் சிறிது தூரம் நடந்தால் டவர் ஹோலைக் காணலாம். 1978 இற் புதுப்பிக்கப்பெற்று, பழையபடி நாடக மேடையாக அது விளங்குகின்றது. எல்பின்ஸ்டனும் அவ்வாறே கலையரங்காக நிற்கின்றது. இரண்டையும் பார்த்துவிட்டு, றீகலுக்கு முன்னுள்ள வீதியின் பெயர்ப் பலகையையும் ஒருமுறை வாசித்து வருக.