புதன்கிழமை என்றோர் ஊர்

நிலப்படத்தை விரித்து ஊர்ப்பெயர்களைப் படிப்பது எனக்கு நெடுநாளைய வழக்கம். அவ்வாறு என்னைப் பிடித்து நிறுத்திய பகுதிகளுள் ஒன்று, ருமேனியாவில் கிழக்குக் கார்பேத்திய மலைகளுக்கிடையே அமைந்த ஹார்கித்தா மாவட்டம். அங்கே ஊர்களுக்கு இவ்விரண்டு பெயர்கள். தலைமையூரை ருமேனியர் மியெர்குரியா சூக் என்பர். ஹங்கேரிய மொழியினர் சீக்செரெதா என்பர். ஒலியில் இத்துணை விலகி நிற்கும் இரண்டும் பொருளில் ஒன்றே: 'சீக் நாட்டுப் புதன்கிழமை'. புதன்தோறும் கூடிய சந்தை ஊராயிற்று. கிழமை மட்டும் இரு மொழியிலும் தங்கிவிட்டது.

எல்லாப் பெயர்களும் இப்படி இணங்குவதில்லை. 1837ஆம் ஆண்டளவில் மலைச்சரிவு நீரோட்டத்தை மறித்ததால் தோன்றிய ஏரி ஒன்று அங்குண்டு. மூழ்கிய காட்டின் அடிமரங்கள் இன்றும் நீர்மேல் தலைகாட்டுகின்றன. ருமேனியருக்கு அது செவ்வேரி. ஹங்கேரியருக்கோ கொலைகார ஏரி. ஒருவர் வண்டலின் நிறத்தைக் கண்டார்; மற்றவர், சரிவில் புதையுண்டதாகச் சொல்லப்படும் ஆயரையும் மந்தையையும் நினைத்தார்.

ஆறுகளின் கதை இன்னும் சுவையானது. முரெஷும் ஓல்ட்டும் ஒரே மலைத்தொகுதியில் அருகருகே பிறக்கின்றன. முரெஷ் வடக்கே சென்று, பின் மேற்கே திரும்பி, ஹங்கேரியின் செகெட் நகரருகே திசா ஆற்றில் கலக்கிறது. ஓல்ட் தெற்கே இறங்கி, மலையை ஊடறுத்து டான்யூபை அடைகிறது. பிணங்கிப் பிரிந்த உடன்பிறப்புகள் என்பது நாட்டார் கதை. ஆனால் திசாவும் டான்யூபில் விழுவதால், ஓல்ட் வந்து சேருமிடத்தில் முரெஷின் நீர் முன்னரே வந்திருக்கிறது!

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் ஹங்கேரியர், செக்கேய் மரபினர். நம்மில் பலர் பிழைப்பு நாடி மொழியெல்லையைக் கடந்து வந்தோம். அவர்களோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள்; எல்லைதான் அவர்களைக் கடந்து போயிற்று. 1920இல் ட்ரியனான் உடன்படிக்கையால் ருமேனியா. 1940இல் மீண்டும் ஹங்கேரி. போருக்குப் பின் மறுபடி ருமேனியா. ஒரு சாராருக்கு இழப்பான அந்த இணைப்பு, மறு சாராருக்கு நெடுங்கனவு நிறைவேறிய பெருமை. 1952இல் அமைந்த ஹங்கேரியத் தன்னாட்சிப் பகுதியும் 1968இல் மாவட்டங்கள் வகுக்கப்பட்டபோது மறைந்தது.

மேலே எல்லைகள் இப்படி மாற, கீழே உப்புப் பாறை கிடந்தது. ப்ராயித் என்னும் சிற்றூர் அச்சுரங்கத்தை நம்பியே வாழ்ந்தது. மூச்சுநோயாளரும் பயணிகளும் அதன் அறைகளைத் தேடி வருவர். 2025 மே மாதம் பெருமழையில் கொருந்த் ஓடை சுரங்கத்துள் புகுந்து அதை மூழ்கடித்தது. உப்பு ஆற்றோடு இறங்கி, அண்டை மாவட்டத்தின் குடிநீர் வரை சென்றது.