உனக்கு நான்தான் சொல்லணும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அக்கா எழுதுவது.

அத்தானுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. நீ விட்டுப்போன தூக்குவாளி என்னிடம்தான் இருக்கிறது, தேடாதே.

இதைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள் என்று வைத்துவிட்டேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

வளைகாப்பு அன்றைக்கு உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேச ஆரம்பித்தாலே முந்தானை வாய்க்குப் போனது. சின்னவள் உன் மடியில் ஏறி முத்தம் கேட்டபோது கன்னத்தை மட்டும் காட்டினாய். ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே கதை பேசினாய். என் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் தூங்கமாட்டாயே நீ! உனக்கே தெரிந்திருக்கிறது, மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறாய். ஆமாம் பாப்பா, வாடை இருக்கிறது. தூரத்தில் தெரியவில்லை, கிட்டத்தில் வந்தால் தெரிகிறது. உனக்கு நான்தான் சொல்லணும்.

அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. திண்ணைக்கு வருகிறவர்கள் ஓரடி தள்ளி உட்கார ஆரம்பித்தது உனக்கு நினைவிருக்கும். பேரப்பிள்ளைகள் கிட்டவே போகமாட்டார்கள். நாமும் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவோம். வயசாகிவிட்டது, இனி தன்னை யார் மதிப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கடைசியில் கீழ்ப்பல் இரண்டு ஆடி, வலி பொறுக்காமல் போனோம். ஈறைப் பார்த்த டாக்டர் பல்லைத் தொடவில்லை, முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். 300-க்கு மேல் இருந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த வாடையை யாராவது ஒருத்தர் அவரிடம் சொல்லியிருந்தால் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கலாம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

நீ வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடிக்கிறாய். குடி, தப்பில்லை. ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது இது வாய்க்குள்ளிருந்தே வருவது. அடிநாக்கிலும் பல்லிடுக்கிலும் காற்றுப் படாத இடத்தில் கிருமிகள் குடியிருக்கும். ஒட்டியிருக்கிற சோறு, பருப்பு, உதிர்ந்த தோல் எல்லாவற்றையும் அவை தின்று கந்தக வாயுவை விடும். அழுகின முட்டைக்கு வருகிற அதே வாடை. அதை ஓயாமல் கழுவிவிடுவது எச்சில்தான். தூங்கும்போது எச்சில் குறைவதால்தான் விடிகாலையில் எல்லாருக்குமே வாய் நாறும்.

உனக்கு அந்த எச்சில்தான் வற்றிப்போகிறது. ஏழரைக்குப் பஸ் ஏறுகிறாய், ஐந்து பீரியட் தொண்டை கிழியக் கத்துகிறாய், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை சரியில்லை என்று சாயங்காலம் வரை தண்ணீர் தொடுவதில்லை. நடுவில் இரண்டு டீ. வெள்ளிக்கிழமை விரதம் வேறு. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கும், மூச்சிலேயே ஒரு வாடை வரும். டீச்சர்கள் எல்லாரும் ஒன்றாகப் போய் ஹெட்மாஸ்டரிடம் கேளுங்களடி. ஒரு கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் கேட்பதில் என்ன வெட்கம்? தாகத்தை அடக்கி, சிறுநீரை அடக்கி, நாளைக்குக் கல் அடைப்பு என்று நீ படுத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அதுவரை ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் இரண்டு மடக்காவது குடி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாகக் கொப்பளி.

அம்மா தென்னை ஈர்க்கைப் பிளந்து நமக்கு நாக்கு வழித்துவிடுவாளே, உமட்டுகிறது என்று நீ கொல்லைக்கு ஓடுவாய். இப்போதும் நீ நுனியை மட்டும் வழித்துவிட்டு வருகிறாய் என்று எனக்குத் தெரியும். வெள்ளையாகப் படிகிறது அடிநாக்கில்தான். ஸ்டீல் வழிப்பான் ஒன்று வாங்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் மெல்ல இழு, உமட்டல் குறையும். ரத்தம் வருகிற மாதிரிச் சுரண்டாதே. ராத்திரி பல் விளக்காமல் படுக்கிற பழக்கத்தை விடு. காலையில் விளக்குவதைவிட அதுதான் முக்கியம். பல்லிடுக்கை ஊக்கால் குத்தாதே, அதற்கென்று நூல் விற்கிறது. அந்த நூலை இழுத்ததும் மோந்து பார், எங்கே கெட்டிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் ஈறுக்கு நல்லது. சாப்பிட்டபின் ஒரு சிட்டிகை சோம்பு மென்றால் எச்சில் ஊறும். கிராம்பு, ஏலக்காய் வாடையை மறைக்கும், போக்காது. பெரிய மீட்டிங் இருக்கிற அன்றைக்குப் பூண்டு ரசம் வேண்டாம். பூண்டு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வருவது, பத்துத் தடவை விளக்கினாலும் போகாது. கூடவே தயிர் சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள் என்று எலுமிச்சம்பழத்தையும் கரித்தூளையும் பல்லில் தேய்க்கிறாயாமே, இன்றோடு நிறுத்து. புளிப்பு பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும், கரி அதைத் தேய்த்தே எடுத்துவிடும். கடையில் விற்கிற வாய் கொப்பளிக்கிற மருந்திலும் ஆல்கஹால் இருந்தால் வாங்காதே, உன் வாய் ஏற்கெனவே காய்ந்து கிடக்கிறது.

இவ்வளவும் இரண்டு வாரம் செய்துபார். அதோடு பல் டாக்டரிடம் ஒரு தடவை கட்டாயம் போய்வரணும். விளக்கும்போது ரத்தம் வருகிறது என்று நீயே சொன்னாய். கல்லாக இறுகிப்போன காரையை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்று அம்மா சொன்னதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்காதே. பல்லை ஆட்டுவது அந்தக் காரையும் அதனால் கெட்ட ஈறும்தான். எடுத்தபின் இடைவெளி தெரியும், கொஞ்ச நாள் கூசும், அவ்வளவுதான். பல் நன்றாக இருக்கிறது என்று பல் டாக்டர் சொல்லியும் வாடை போகவில்லையென்றால் மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுவோம். டான்சில் குழியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி நின்றாலும் இப்படி வரும். சர்க்கரையும் பார்த்துக்கொள், அப்பாவின் பெண்கள் நாம் இரண்டு பேருமே.

பெரியவனுக்கு மூக்கில் ஒரு பக்கம் மட்டும் சளி ஒழுகி நாறுகிறது என்றாயே, அதைச் சும்மா விடாதே. பட்டாணியோ பாசிமணியோ உள்ளே போயிருக்கலாம். நீயாக நோண்டாமல் டாக்டரிடம் காட்டு.

வருகிற சனிக்கிழமை காலை வண்டிக்கு அங்கே வருகிறேன். பல் டாக்டரிடம் நானும் கூட வருகிறேன், எனக்கும் பார்க்கவேண்டியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி என் பக்கம் திரும்பிப் படு. என் வாயில் வாடை இருந்தால் நீயும் மறைக்காமல் சொல்.

உன் அக்கா