குதிரைமொழித் தேரிக் காற்று

முதலில் என்னை விட்டுப் போனது ஒரு சத்தம். ஆனி பிறந்ததும் மேற்குமலைக் கணவாய்களில் கிளம்பி, சாத்தான்குளத்துச் செம்மண் பொட்டல்களைத் தடவிக்கொண்டு கிழக்கே வரும் காற்று குதிரைமொழித் தேரியின், அந்தச் செம்மணல் காட்டின், பனைகளுக்குள் நுழையும்போது எழுகிற சத்தம். காவோலைகள் ஒன்றோடொன்று உரசி, தூரத்தில் பெருமழை இறங்குவதுபோலவே கேட்கும். வெளியூர்க்காரர்கள் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். வானம் வெளுத்துக் கிடக்கும்.

இப்போது இருக்கும் இங்கிலாந்து ஊரில் மழை நிஜமாகவே பெய்கிறது. நாள் முழுக்க. ஏமாற வழியில்லை.

உடன்குடியில் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துத் தங்கியிருந்தேன். தொல்லியலில் முதுகலை முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அது. ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணி உதவியாளர். தாளில்தான் அந்தப் பெயர். ஊரில் நான் 'கல் பொறுக்க வந்த பிள்ளை'. "இன்னைக்கு எத்தனை கல்லும்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீக்கடையில் கிளாஸை நீட்டுவார்கள். பொன் கிடைத்ததா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டிய ஆதிச்சநல்லூரில் பொன் நெற்றிப்பட்டங்களே வந்தன, அந்த ஊர் ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கிறது.

எங்களுக்கு வந்ததெல்லாம் நகத்தளவு கற்கள். உலோகம் அறியாத வேட்டைக்காரர்கள் அம்பு முனையிலும் ஈட்டியிலும் பதித்த நுண்கற்கருவிகள். சாயர்புரத்துத் தேரியில் இவற்றை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார். 1956-இல் ஆய்வாளர்கள் பிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் மெஞ்ஞானபுரம், நாசரேத், காயாமொழி, புத்தன்தருவை என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டு, பழைய கடல்மட்டத்தைக் கொண்டு கி.மு. 4000 வாக்கில் என்று காலம் சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கோடு மல்லுக்கு நின்றார்கள், இன்னும் நிற்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் இரணைமடுச் செம்மணலிலும் நுண்கற்கள் கிடைக்கின்றன. இவ்வளவும் இருந்தும் பேச்செல்லாம் பானைக்கும் இரும்புக்கும்தான். 2021 செப்டம்பரில் சிவகளை ஊர் ஈமத்தாழியில் கிடைத்த நெல்லுக்கு 3,200 ஆண்டு வயது என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தபோது நானும் கை தட்டினேன். அறைக்கு வந்து என் பைகளைப் பார்த்தேன். அந்த நெல்லுக்கு மூத்த கற்கள், எந்தப் பத்திரிகைக்கும் வேண்டாதவையாகக் கிடந்தன. கொஞ்சம் வயிறு எரிந்தது.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் கல் கண்ணில் படும். சிவப்பு மணலில் ஒரு மினுக்கு. முழங்காலிட்டுக் குனிந்தால் பிறை வடிவில் ஒரு துண்டு. ஒரு விளிம்பு நேராக, இன்றைக்கும் விரலைக் கீறும் கூர்மையோடு இருக்கும். மறு விளிம்பு வளைந்து, கொத்திக் கொத்தி மழுக்கிய தடத்தோடு. தேன் பழுப்பில் செர்ட் கல். செதில் தெறித்த சின்னப் பள்ளங்களில் மட்டும் தேரியின் சிவப்பு ஏறியிருக்கும், நகத்தால் சுரண்டினாலும் போகாது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஓரம் மட்டும் ஒளி விடும். ஒரு படம், ஒரு ஜிபிஎஸ் புள்ளி, ஒரு பை, பையின் மேல் எண். பிறகு எழுந்து அடுத்ததைத் தேட வேண்டும். தோண்டக் கூடாது. அது காப்புக்காடு. எங்களுக்குக் கிடைத்த அனுமதி மேற்பரப்பு ஆய்வுக்கு மட்டும், ஒரு கரண்டி மணலைக்கூட அகழ முடியாது. அகழத் தேவையும் இல்லை. ஆடிக்காற்று ராத்திரியெல்லாம் அந்த வேலையைச் செய்துவிடும். நேற்று வெறுமையாகக் கிடந்த சரிவில் இன்று நாலு செதில் வெளியே வந்து கிடக்கும்.

கூடவே வனக்காவலர் ஒருவர் வர வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணாச்சி என்பேன். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. "எம்மா, அங்குட்டுப் போவாதிய, கால் புதையும்." அவ்வளவுதான், பிறகு அரை மணி நேரத்துக்குச் சத்தமே இருக்காது. மணலில் நரி போன தடத்தையும் மயில் போன தடத்தையும் குச்சியால் காட்டுவார். உச்சி வெயிலுக்குக் கொல்லாமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து, பொரித்த கருவாட்டில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளுவார். "சாப்பிடுங்க. கல்லு எங்க ஓடிரப் போவுது?" அந்தப் பிள்ளைகள் எறிந்துவிட்டுப் போன கல்லை இந்தப் பிள்ளை பொறுக்குது என்று ஒருநாள் தானாகவே சொல்லிச் சிரித்தார். அந்தப் பிள்ளைகள் என்று அவர் சொன்னது ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர்களை. நேற்று டியூஷனுக்கு வந்துபோனவர்களைச் சொல்வதுபோன்ற தொனி. கற்களுக்கு என்னிடம் படம் இருக்கிறது. அந்தத் தொனிக்கு இல்லை.

பிறகு விடிலி. காட்டு ஓரத்தில், பனையேறியின் மனைவி பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசை. பங்குனி தொட்டு ஆடி வரை அடுப்பு அணையாது. திரும்பும் வழியில் அங்கே ஒரு நிமிஷம் நிற்பது வழக்கமாகி, ஒரு நிமிஷம் அரை மணி நேரமாகி, அக்கா துடுப்பால் கிண்டக் கிண்டப் பாகு நிறம் மாறுவதையும், பொங்கி வழியப் பார்க்கும்போது தட்டிய ஆமணக்கு முத்தைப் போட்டதும் நுரை அடங்கிக் கீழே போவதையும், சிரட்டைகளில் வரிசையாக ஊற்றியது மெல்ல இறுகி மேலே ஆடை கட்டுவதையும் பார்த்துக்கொண்டே, கண்ணில் புகை ஏற ஏற, கையில் ஓலைப்பட்டையில் பதநீரோடு, எங்கும் போக வேண்டாம் என்று உட்கார்ந்திருந்த அந்த அந்திகள். போயிற்று.

உங்களுக்கும் இப்படி ஒரு வாசனை இருக்கும். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை 2023-இல் இங்கே ரயிலில் போகும்போது படித்தேன். அந்த வாரமே இலங்கைத் தமிழர் ஒருவர் கடையில் உடன்குடி என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்கினேன். இனிப்பு இருந்தது. புகை இல்லை.

இங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் தொல்பொருள் இருக்கக்கூடிய நிலத்தில் கட்டடம் எழுப்பும் முன் எங்களை வரவழைக்கிறார்கள். செலவு கட்டுகிறவருடையது, 1990-லிருந்து அப்படித்தான். உதவித்தொகை நின்றுபோகும் கவலை இல்லை, சம்பளம் தேதி தவறுவதில்லை. கதகதப்பான கேபின், கெட்டில், முழங்கால் வரை பூட்ஸ். பூட்ஸில் அப்பும் களிமண்ணைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தேரி மணல் காலை உதறினால் போய்விடும். போன குளிர்காலத்தில் சல்லடையில் ஒரு பிளின்ட் பிறை மாட்டியது. உடன் வேலை செய்கிறவர்கள் கூடி நின்று கை குலுக்கினார்கள். அதே அளவு, அதே வளைவு, அதே மழுக்கிய முதுகு. குழாயடியில் காட்டினேன். சேறு போய் பளிச்சென்று ஆகிவிட்டது. பள்ளங்களில் சிவப்பு இல்லை.

பூட் பிறந்த செல்ட்டன்ஹாமுக்கு இங்கிருந்து காலையில் ரயிலேறி மாலையில் திரும்பிவிடலாம். அவர் 1858-இல் சென்னைக்கு வந்தவர், பிறகு அந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டார், 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில். அவருக்கு செல்ட்டன்ஹாம் வலித்திருக்குமா? எழுதி வைத்ததெல்லாம் கல்லைப் பற்றித்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஏங்குகிற தேரி, அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட தேரி. ஒரு காலத்தில் அந்த மணல் நடக்கும், விளைநிலத்தை மூடும். அதைக் கட்டிப்போடத்தான் பனையும் கொல்லாவும் உடையும் நட்டார்கள். வேர் பிடித்தால் மணல் நிற்கும். மணல் நின்றால் கல் மேலே வராது. அண்ணாச்சி புதுக் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றும்போது நானும் ஒரு குடம் எடுத்துக்கொள்வேன். மனசு மட்டும் அந்தக் கன்று பட்டுப்போனால் எத்தனை கல் வெளியே வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். காடும் வேண்டும், காற்று மணலைக் கிளறவும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆடியில் யார் தருவார்?

அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டார். இந்த ஆடியில் போன் போட்டேன். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டிய பிறகு அந்தப் பக்கமெல்லாம் ஆளும் வண்டியும் என்றார். பேரப்பிள்ளை பற்றிச் சொன்னார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"காத்து எப்படி அண்ணாச்சி?"

"பேயா அடிக்கு. ஆனா நாம ஊத்துன கன்னெல்லாம் நல்லாப் புடிச்சிட்டு எம்மா. மணலு முன்ன மாதிரி பறக்கல."

குரலில் அத்தனை பெருமை. நல்லது அண்ணாச்சி, என்றேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.