படகுக்குப் பிறகு, டிராக்டருக்குப் பிறகு

காரைக்காலில் பழைய கார் இன்ஜினைப் பிரிக்க நினைப்பவர் ஸ்பேனரைத் தேடும் முன் காலண்டரைப் பார்த்துவிட வேண்டும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஆண்டு முழுவதும் ஒத்திப்போட்ட இன்ஜின் வேலை அத்தனையும் அப்போதுதான் நடக்கும். இன்ஜின் தெரிந்த கை ஒன்றுகூட ஊருக்குள் அகப்படாது. அது முடிவதற்குள் மேட்டூர் திறப்புப் பேச்சு வந்துவிடும். ஜூன் 12 என்பது வழக்கமான கணக்கு. கடைமடையான எங்கள் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்க மேலும் நாளாகும் என்றாலும் டிராக்டர்காரர்கள் அதுவரை சும்மா இருக்க மாட்டார்கள். குறுவை, சம்பா என்று ஓடி, ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் இரும்பை வெளியே எடுக்க வழியில்லை. தையில் அறுவடை. ஆக, ஓடாமல் நிற்கும் ஒரு சொந்தக் காருக்கு மிஞ்சுவது மாசியும் பங்குனியும்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்பாசிடரை நம்பி எங்கள் வீட்டில் உலை வைப்பதில்லை. படகை நம்பி கிளிஞ்சல்மேட்டில் வைக்கிறார்கள். வரிசையில் கடைசியில் நிற்பதுதான் முறை. இன்னொன்றும் உண்டு. கடலும் வயலும் இல்லாதிருந்தால் இவ்வளவு சின்ன ஊரில் பேரிங்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே அதன் கதையைச் சொல்லும் ஆள் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

கார் என் சித்தப்பாவுடையது. அம்பாசிடர் மார்க் 2. அவர் அதை வாங்கியபோதே அது பழையது. அவர் காலத்துக்குப் பிறகு மாடில்லாத மாட்டுக்கொட்டகையில் ஓரங்கட்டப்பட்டு, மேலே வைக்கோலும் கோழியும் ஏறின. அதன் 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரிஸ்’ வகை. ஐம்பதுகளின் எம்ஜிஏ என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே அளவு, இதே குடும்பத்து இன்ஜின்தான். உத்தரபாராவிலிருந்து கல்யாண ஊர்வலத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் வந்த வண்டிக்கு இப்படி ஒரு பங்காளி இருப்பது எனக்குப் பிடித்த செய்தி. 2014இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உற்பத்தியை நிறுத்தியது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்சின் பெஜோ குழுமம். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து காரைக்கால் இந்தியாவிடம் வந்தது. அறுபது சொச்சம் ஆண்டு கழித்து அம்பாசிடர் அவர்களிடம் போயிருக்கிறது. கணக்கு நேர் என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்கிறார்.

துறைமுகத்து மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்ததும் முதலில் சொன்னது, “இதுக்கு ஒரு டீசலைத் தூக்கி வச்சிட்டா என்ன தம்பி?” அவர் கேட்டதில் தப்பில்லை. எண்பது, தொண்ணூறுகளில் எத்தனையோ அம்பாசிடர்கள் மேட்டடோர் வேன் டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டு டாக்சியாக ஓடின. கம்பெனியே டீசல் அம்பாசிடர் விற்றது. ஆனால் பெட்ரோலுக்கு என்று வடித்த சேஸிஸ், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் மூன்றும் அந்த அதிர்வைச் சுமந்து படும் பாட்டைப் பார்த்தவர்கள் அதை வெற்றி என்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக் கூரையில் மாட்டிய செயின் பிளாக்கில் இன்ஜினைத் தொங்கவிட்டபோது அண்ணனுக்கும் மனம் மாறியிருந்தது. காரணம் கொள்கை ஏதும் இல்லை. ஹெட்டைக் கழற்றி, ஒரு பிஸ்டனின் தலையில் கரியைச் சுரண்டியபோது ‘020’ என்று பொறித்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

அந்த எண் ஒரு வரலாறு. சிலிண்டர் தேய்ந்தால் சுவரைக் கொஞ்சம் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். இந்த இன்ஜினுக்கு அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு என ஓவர்சைஸ் படிப்படியாக ஏறும். நாற்பதுக்கு மேல் போகிறவர்களும் உண்டு. பொதுவாக அதோடு நிறுத்தி, அடுத்த முறை ஸ்லீவ் போடுவதுதான் புத்தி. இருபது என்றால் எங்களுக்கு முன் யாரோ ஒருவர் இதை ஒருமுறை முழுதாகப் பிரித்து, கடைந்து, மூடியிருக்கிறார். எந்த ஊர், எந்தக் கொட்டகை, தெரியாது. கனெக்டிங் ராடுகளிலும் அவற்றின் கேப்புகளிலும் ஒழுங்காகப் புள்ளி குத்தி வைத்திருந்தார். “நல்ல கை” என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிதாகிறது, வெடிப்பின் சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். அதனால் மேல்பக்கம் அகன்றும் கீழ்ப்பக்கம் இறுக்கமாகவும் ஆகிவிடும். ராடு சாய்ந்து தள்ளும் பக்கம் கூடுதலாகத் தேய்ந்து வட்டம் முட்டை வடிவாகும். மேல் ரிங் எட்டாத விளிம்பு மட்டும் தேயாமல் ஒரு வரம்பாக நிற்கும். நகத்தை உள்ளே விட்டு மேலே இழுத்தால் தட்டும். அண்ணன் நகத்தைத்தான் நம்பினார். நான் டயல் போர் கேஜ் வாங்கி வைத்திருந்தேன். இரண்டும் ஒரே தீர்ப்பைச் சொல்லின: நாற்பது.

கடைவதும் கிராங்க் கிரைண்டிங்கும் வீட்டில் நடக்கிற காரியமில்லை. வீட்டுப் பட்டறை என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி, பொருளைச் சாக்கில் சுற்றி மயிலாடுதுறை பஸ்ஸுக்குக் காத்திருப்பதுதான். கிராங்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால், பக்கத்திலிருப்பவர் எந்த டிராக்டர் என்று கேட்பார். பிஸ்டன் செட்டுக்குச் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலை. அங்கே சில கடைகளின் மேல்தட்டில் பழைய சரக்கு இன்னும் தூசியோடு கிடக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்டால் ஏணி வைத்து எடுத்துத் தருவார்கள்.

எனக்கும் அண்ணனுக்கும் உண்மையான வாக்குவாதம் வந்தது, பிளாக் கடைந்து திரும்பி வந்த பிறகு. ஹோனிங் முடித்த சிலிண்டர் சுவரில் குறுக்குமறுக்காக நுண்ணிய கீறல்கள் இருக்கும். எண்ணெய் தங்கவென்றே போட்டவை. அவற்றுக்குள் கல்லின் துகளும் இரும்புத் தூளும் ஒளிந்திருக்கும். அண்ணன் வழக்கம்போல் டீசல் ஊற்றிக் கழுவி, பெட்ரோலில் துடைத்து, முடிந்தது என்றார். ஆனால் பெட்ரோல் எண்ணெயைத்தான் கரைக்கும். துகளைத் தூக்கிக்கொண்டு வராது, கீறலுக்குள்ளேயே படிய விட்டுவிடும். சோப்புத் தூளும் சுடுதண்ணீரும் தேங்காய் நார்ப் பிரஷும் வேண்டும் என்றேன். “பிளாக்குல தண்ணியா? கடற்கரை ஊருல?” என்று அவர் சிரித்தார்.

அவர் பயமும் நியாயமானதே. வார்ப்பிரும்பைப் புதிதாகக் கடைந்து நனைத்து வைத்தால் எங்கள் ஊரில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்மஞ்சள் பூத்துவிடும். இது உப்புக் காற்றில் கிணற்றுச் சகடையும் ஜன்னல் கம்பியும் மட்கிப்போகிற ஊர். அதனால் நேரம் பார்த்துச் செய்தோம். விடியற்காலைப் பனி காய்ந்திருக்க வேண்டும், மதியக் கடல்காற்று எழும்பியிருக்கக் கூடாது. காலை பத்து மணி வாக்கில் கொட்டகை வாசலில் பிளாக்கைச் சாய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். பழைய வெள்ளை வேட்டித் துணியில் இன்ஜின் ஆயிலைத் தொட்டு சுவரைத் துடைத்தால் முதலில் சாம்பல் நிறமாக வந்தது. மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே வரும்வரை இதுதான் வேலை. வந்தவுடன் ஒருவர் உலர்த்த, ஒருவர் ஆயில் தடவ, பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிவிட்டோம். முதல் துணியின் சாம்பலை அண்ணன் இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். நரநரவென்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடைக்காலத்தில் ஒரு படகு இன்ஜினுக்கு சோப்புத் தூள் வாங்கிவரச் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஹெட்டில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் நடுவில் மெல்லிய காப்பாக இருந்தது. 2000 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. நல்லதுதான், குழந்தைகளின் மூளைக்கு அது நஞ்சு. ஆனால் இரும்பு ஹெட்டிலேயே வெட்டிய பழைய சீட்டுகள் மெல்ல உள்வாங்கத் தொடங்கின. பிரித்த கையோடு கெட்டியான சீட் வளையங்களை எக்ஸாஸ்ட் பக்கம் இறக்கிவிடுவது சில ஆயிரம் ரூபாயில் முடிகிற முன்யோசனை.

வால்வு இடைவெளி வைக்கும்போதுதான் அண்ணனுக்கு நான் எடுபிடி ஆனேன். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது, நான்காவதுக்கு ஐந்தாவது. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கேட்டு, “எங்களுக்குப் பதிமூணு” என்றார். ஆறு சிலிண்டர் படகு இன்ஜினில் பன்னிரண்டு வால்வு. அங்கே கூட்டினால் பதின்மூன்று வரும். இதைச் சொல்லித் தந்தவர் யார் என்று கேட்டேன். நாகூரில் ஒரு பாய் என்றார்.

கிராங்கின் பின்முனையில் இந்த இன்ஜினுக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே திருகு மரைபோல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். இன்ஜின் சுழலும்போது, வெளியேறப் பார்க்கும் எண்ணெயை அது உள்ளே திருகித் தள்ளும். நின்றுவிட்டால் தள்ள ஆளில்லை, சொட்டும். அம்பாசிடர் நின்ற இடமெல்லாம் கறை விட்டுப் போனதற்கு மெக்கானிக்குகளைத் திட்டியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு திட்டியிருக்கலாம். ராடுகள் இன்னொரு அழகு. அவற்றின் பெரிய முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள், ராடு சிலிண்டர் வழியே மேலேறி வெளியே வரவேண்டும் என்பதற்காக. எங்கோ ஒரு டிராயிங் போர்டில், பின்னாளில் இதைப் பிரிக்கப்போகிறவனை ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். இன்றைய கார்களில் எனக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை.

ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றினோம், எண்ணெய் பேரிங்குகளுக்கு ஏறி மீட்டர் முள் அசையும்வரை. பிறகு பிளக் மாட்டி உயிர்ப்பித்தால் ஐடிலில் விடக்கூடாது. இருபது நிமிடம் 2000 சுற்று வாக்கில் ஓட வேண்டும். கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் ஒன்றையொன்று பழகிக்கொள்வது அந்த இருபது நிமிடத்தில்தான். அதற்குத் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு கலந்த ஆயில் தேவை. புதிய பெட்ரோல் கார்களின் ஆயிலில், புகைபோக்கியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அதைக் குறைத்துவிட்டார்கள். டீசல் ஆயிலில் இன்னும் தாராளமாக இருக்கிறது. ஆகவே அண்ணன் படகுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டின்னிலிருந்தே அம்பாசிடருக்கும் ஊற்றினார். இரண்டாவது முயற்சியில் பிடித்தது.

இனி இருப்பது பெட்ரோல் கவலை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். ஈரத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் டாங்கை அரைகுறையாக வைத்து வாரக்கணக்கில் நிறுத்தினால் அடியில் தண்ணீர் சேரும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஹோஸ் இரண்டையும் எத்தனால் தாங்குகிற வகையாக மாற்றியாயிற்று. 2021இல் வந்த விதியின்படி ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி ‘விஏ’ வரிசையில் விண்டேஜாகப் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது தவிர அன்றாடம் ஓட்டக்கூடாது. சனிக்கிழமை திருநள்ளாறு போய்வருவது எந்தக் கணக்கில் வரும்? சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன்.

ஹெட் நட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பின் ஆறவிட்டு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கான டார்க் ரெஞ்ச் இப்போது என்னிடம் இல்லை. தடைக்காலம் தொடங்கியதும் அண்ணன் கேட்டார், கொடுத்தேன். மூன்று படகுக்கு ஹெட் வேலை இருக்கிறதாம். அவை முடிந்ததும் நெடுங்காட்டில் ஒரு டிராக்டர். அதுவரை காரை ஓட்டாமல் வைக்கச் சொல்லியிருக்கிறார்.