ஊசிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு பெட்டி

இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் மிகச் சிறியது. காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரைதான் தரும். ஆம்ப்ளிஃபயர் ஏற்கும் அளவுக்கு அதை நூறு மடங்கு பெருக்கித் தருவது ஃபோனோ ப்ரீ-ஆம்ப். அறுபது, எழுபதுகளில் நம் வீடுகளில் ஓடிய சிறு பிளேயர்கள் பெரும்பாலும் கிறிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ் கொண்டவை. அவை நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தந்ததால் இந்தப் பெட்டிக்கு அங்கே வேலை இருக்கவில்லை. இப்போது பரணிலிருந்து எல்.பி.க்களை இறக்கிப் புதிய டர்ன்டேபிள் வாங்குபவர்களின் ஆம்ப்ளிஃபயர்களில் ஃபோனோ இணைப்பே இருப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ப்ரீ-ஆம்பையும் சேர்த்து வாங்குகிறார்கள். ஒலியில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகிறார்கள்.

சென்னையில் அப்படிக் கொண்டுபோகும் இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும். செல்போன் உறைகளும் சி.சி.டி.வி. கேமராக்களும் முன்கடைகளைப் பிடித்துக்கொண்டுவிட்டன; ஆடியோ மெக்கானிக்குகள் மாடிப்படிகளுக்குக் கீழும் பின்கட்டுகளிலும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்காகப் பார்த்த பணிமேசை நான்கடி நீளம்தான். வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சி, உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்திய விளக்கு, மல்டிமீட்டர், கண்டன்சர் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர், தேங்காயெண்ணெய் டப்பாக்களில் வகை பிரித்த உதிரிகள். கெபாசிட்டர் என்ற சொல் கடை ரசீதில்தான் இருக்கிறது. மேசையில் அது இன்னும் கண்டன்சர்தான்.

பெட்டியைத் திறந்ததும் நடப்பது பார்வைச் சோதனை. உள்ளங்கை அளவுள்ள ஒரு போர்டு, எட்டுக் கால் ஐ.சி. ஒன்றோ இரண்டோ, சில எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள், காசு வடிவச் செராமிக் கண்டன்சர்கள். ஆர்.சி.ஏ. சாக்கெட்டின் கால்களில் ஈயம் மங்கி வளையமாக வெடித்திருந்தால் அது ‘டிரை சால்டர்’. ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வருகிறது என்ற புகார்களில் பல இங்கேயே தீர்ந்துவிடும். மாற்றியமைக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

என்ன மாற்றினால் எது கேட்கும் என்று புரிய, இந்தப் பெட்டி செய்யும் இரண்டாவது வேலையை அறிய வேண்டும். தட்டில் ஒலியைப் பதியும்போது தாழ்ந்த சுருதிகளை அடக்கியும் உயர்ந்த சுருதிகளைத் தூக்கியும் வெட்டுகிறார்கள். அடக்காவிட்டால் பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்தில் புகுந்துவிடும். தூக்காவிட்டால் தட்டின் உராய்வு இரைச்சலில் நுண்ணிய ஒலிகள் மூழ்கிவிடும். 1954-இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்கத் தொழில் சங்கம் வகுத்த வளைவுதான் உலகெங்கும் எல்.பி.க்களுக்கு வழக்கமாயிற்று. அதன் மூன்று திருப்பங்கள் ஏறத்தாழ 50, 500, 2,122 ஹெர்ட்ஸில் இருக்கின்றன. ப்ரீ-ஆம்ப் அதே வளைவைத் தலைகீழாகப் போட்டு ஒலியைச் சமன் செய்கிறது. நடுச் சுருதியான 1,000 ஹெர்ட்ஸில் நூறு மடங்கு பெருக்கும் பெட்டி, 20 ஹெர்ட்ஸில் தொள்ளாயிரம் மடங்கையும் தாண்டும். 20,000 ஹெர்ட்ஸில் பத்து மடங்கோடு நின்றுவிடும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் எங்காவது உள்ளே நுழைந்தால் அதுவும் எழுநூறு மடங்கு பெருகும். மலிவுப் பெட்டிகளில் ‘ஹம்’ ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

பலரும் ஐ.சி.யை மாற்றச் சொல்லி வருகிறார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது டர்ன்டேபிளிலிருந்து வரும் கேபிளை. இந்தப் பணியில் காதுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் மாற்றம் உள்ளீட்டில்தான் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது கம்பிச்சுருள். அந்தச் சுருளின் தூண்டலும், கேபிளிலும் பெட்டியின் உள்ளீட்டிலும் உள்ள கண்டன்சர் அளவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒத்ததிர்கின்றன. பரவலாக விற்கும் ஆடியோ-டெக்னிகா வி.எம். 95 இ கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளலாம். அதன் தூண்டல் 550 மில்லிஹென்றி. மொத்தம் 100 முதல் 200 பிக்கோபாரட் வரை இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஆனால் மலிவுப் பெட்டியின் உள்ளீட்டில் 220 பிக்கோபாரட் கண்டன்சர் இருப்பது சாதாரணம். கேபிளும் டோன் ஆர்ம் கம்பியும் இன்னொரு 130 சேர்த்தால் மொத்தம் 350. அப்போது ஒத்ததிர்வு ஏறத்தாழ 11,500 ஹெர்ட்ஸில் விழுகிறது. அதையொட்டிய சுருதிகள் புடைத்து, அதற்கு மேலுள்ளவை சரிகின்றன. பாடகரின் ‘ஸ’கரம் சீறுகிறது, கஞ்சிராவின் சலங்கைத் தகடு தகரமாகக் கேட்கிறது, ஆனால் மேலே இருக்க வேண்டிய காற்றோட்டம் இல்லை. மொத்தத்தை 150-க்கு இறக்கினால் ஒத்ததிர்வு 17,500 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும்.

செய்முறை எளிது. கேபிளை இரு முனையிலும் கழற்றி, நடுக்கம்பிக்கும் வலைக்கம்பிக்கும் இடையே எல்.சி.ஆர். மீட்டரால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு உள்ளீட்டுக் கண்டன்சரை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் 22 அல்லது 47 பிக்கோபாரட் போடுகிறார்கள். முழுவதும் எடுத்துவிட்டால் பக்கத்து வானொலி நிலையமோ செல்போனோ உள்ளே வர வழியுண்டு. அதனால் சிறிய மதிப்பு ஒன்றாவது இருப்பது நல்லது. அங்கேயே இருக்கும் 47 கிலோஓம் ரெசிஸ்டரையும் அளந்து, கார்பன் வகையாக இருந்தால் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராக மாற்றுகிறார்கள். வாடிக்கையாளர் பின்னால் வேறு கார்ட்ரிட்ஜ் வாங்கினால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியதுதான்.

அடுத்தது வளைவைத் தீர்மானிக்கும் வலையமைப்பு: இரண்டு கண்டன்சர்கள், இரண்டு ரெசிஸ்டர்கள், பக்கத்துக்கு ஒரு தொகுதி. இந்த நான்கின் மதிப்புகளும் ஒன்றையொன்று பாதிப்பவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஒன்றுக்கு மேற்பட்ட திருப்பங்கள் இடம் பெயரும். இதற்கான சரியான சமன்பாடுகளை ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் 1979-இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் முறையாக வகுத்துக் கொடுத்தார். மலிவுப் பெட்டியின் வரைபடம் சரியாகவே இருந்தாலும் உதிரிகள் அதைக் காப்பாற்றுவதில்லை. செராமிக் காசுக் கண்டன்சரின் மதிப்பு பத்து, இருபது சதவீதம் விலகியிருக்கும். சூட்டுக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப மாறவும் செய்யும். இடது பக்கம் பத்து சதவீதம் கூடுதலும் வலது பக்கம் பத்து சதவீதம் குறைவுமாக அமைந்துவிட்டால், உயர் சுருதிகளில் இரு பக்கங்களுக்கும் 1.7 டெசிபல் வேறுபாடு. பாடகர் நடுவில் நிற்காமல் அவருடைய மெய்யெழுத்துகள் ஒரு பக்கம் சாய்வது இதனால்தான்.

இங்கே கைத்திறனைவிடப் பொறுமை பெரிது. ஒரே மதிப்புள்ள பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஸ்டைரீன் கண்டன்சர்களை இருபது, முப்பது வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் இணைகளைப் பிரிக்கிறார்கள். மேசையில் உதவிக்கு இருக்கும் இளைஞரின் பாதி நாள் இந்த அளவையிலேயே கழிகிறது. பழைய ரேடியோக்களிலிருந்து எடுத்த, கண்ணாடிபோல் பளபளக்கும் பாலிஸ்டைரீன் கண்டன்சர்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அவை சூடு தாங்காதவை என்பதால், காலை இடுக்கியால் கவ்விப் பிடித்து, சூடு உள்ளே ஏறாமல் இரண்டு விநாடிக்குள் ஈயம் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளிருக்கும் படலம் உருகி மதிப்பே மாறிவிடும். வைத்த பிறகும் ஒருமுறை அளக்கிறார்கள். இந்த இரண்டாவது அளவையை விடாமல் செய்பவரிடம் பெட்டியை நம்பிக் கொடுக்கலாம்.

எல்லோரும் முதலில் கேட்கும் ஐ.சி.க்கு மூன்றாவது இடம்தான். 4558, டி.எல். 072, என்.இ. 5532, எல்.எம். 4562 எல்லாவற்றுக்கும் கால் வரிசை ஒன்றே என்பதால், பழையதை எடுத்துவிட்டு ஐ.சி. சாக்கெட் வைத்தால் மாற்றிப் பார்ப்பது எளிது. 072-க்குப் பதில் 5532 வைத்தால் இரைச்சல் குறைவது தெரியும். ஆனால் விலை கூடக்கூட ஒலி கூடும் என்பது சரியல்ல. 4562-இன் மின்னழுத்த இரைச்சல் 5532-ஐவிடக் குறைவு. மின்னோட்ட இரைச்சலோ இரு மடங்குக்கு மேல். காந்தக் கார்ட்ரிட்ஜின் தடை உயர் சுருதிகளில் பல்லாயிரம் ஓமுக்கு ஏறுவதால், அங்கே மின்னோட்ட இரைச்சல்தான் காதில் விழும். வேகமான ஐ.சி.க்கள் சப்ளைக் கால்களை ஒட்டிச் சரியான பைபாஸ் கண்டன்சர் இல்லாத போர்டில் கேட்காத சுருதிகளில் தாமாகவே அலைவுறத் தொடங்கிவிடும் என்பது இன்னொரு தொல்லை. ஆகவே 5532-உடன் நிறுத்திக்கொள்வதே அறிவுள்ள தேர்வு.

நல்ல 5532 கிடைப்பதே இப்போது பாடு. மலிவான வேறு ஐ.சி.யின் தலையைத் தேய்த்து எண்ணைப் புதிதாகப் பொறித்தவை சந்தையில் தாராளமாக உலவுகின்றன. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சோதனை நேரடியானது. சப்ளை கொடுத்து, சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். உண்மையான 5532 ஏறத்தாழ 8 மில்லி ஆம்பியர் எடுக்கும். மூன்றோடு நின்றால் உள்ளே இருப்பது அநேகமாக 4558.

மின்சப்ளையில் செய்யக்கூடியது நிறைய. 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை வைத்து, இரண்டு ரெசிஸ்டரால் அதைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பூச்சியமாகக் கொண்டு ஓடும் பெட்டிகள் பல. அந்த நடுப்புள்ளியில் இருக்கும் சிறு கண்டன்சருக்குப் பதில் 470 மைக்ரோபாரட் வைத்தால் அடித்தளம் உறுதியாகிறது. ஐ.சி.யின் சப்ளைக் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோபாரட் ஒன்று சேர்க்கிறார்கள். ஸ்விட்சிங் அடாப்டரை ஒதுக்கி, டிரான்ஸ்பார்மரும் எல்.எம். 317 ரெகுலேட்டரும் கொண்ட சப்ளை கட்டித் தருபவர்களும் உண்டு. அதை ஒரே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் நேரே கார்ட்ரிட்ஜ் வழிக்குள் புகும். சில பெட்டிகளுக்கு ஏ.சி. அடாப்டர் தேவை. பின்பக்க எழுத்தைப் படிக்காமல் டி.சி. கொடுத்தால் பாதி சப்ளை செத்துவிடும்.

எர்த் விஷயத்தில் விதி ஒன்று: உள்ளீட்டின் எர்த், வெளியீட்டின் எர்த், சப்ளையின் எர்த் மூன்றும் ஒரே புள்ளியில் சேர வேண்டும், டர்ன்டேபிளின் பச்சைக் கம்பி உலோகப் பெட்டியின் திருகில் இறுக வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியானால் உட்புறம் செம்புத் தாள் ஒட்டி அதையும் அந்தப் புள்ளியோடு இணைக்கிறார்கள்.

வெளியீட்டுக் கண்டன்சர் 1 மைக்ரோபாரட் மட்டும் இருந்து, எதிரே 10 கிலோஓம் ஆம்ப்ளிஃபயர் வந்தால் 16 ஹெர்ட்ஸிலேயே வெட்டு விழும். 10 மைக்ரோபாரட் வைத்தால் தவிலின் தொப்பி தடையின்றி வரும். ஆனால் நெளிந்த தட்டுகளை ஓட்டுபவருக்கு இதைச் செய்யாமல் விடுவதே நல்லது. நெளிவின் அசைவு அத்தனையும் ஸ்பீக்கர் கோனை முன்னும் பின்னும் தள்ளும்.

கடைசியில் சோதனை. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைப் பதிவின் பக்கத்திலிருந்து போலச் செய்யும் சிறு பெட்டி ஒன்றை மடிக்கணினிக்கும் ப்ரீ-ஆம்புக்கும் நடுவே வைத்து, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை ஓட்டுகிறார்கள். திரையில் நேர்கோடு வர வேண்டும். இரு பக்கக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் கண்டன்சர் இணைகள் சரி. பிறகு ஊசியைத் தூக்கிவைத்து வால்யூமை வழக்கத்துக்கு மேல் ஏற்றிக் கேட்கிறார்கள். மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும் இருக்கலாம், ரீங்காரம் கூடாது. தட்டு வருவது அதற்குப் பின்தான், பெரும்பாலும் தம்புரா நன்றாகப் பதிந்த வாய்ப்பாட்டு எல்.பி. ஒன்று. தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியே மீட்டப்படுவது கேட்டால் வேலை முடிந்தது. மூடியைத் திருகும் முன், கேபிளின் அளவு, உள்ளீட்டில் வைத்த கண்டன்சர், மாற்றிய ஐ.சி., தேதி ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதி, அடுத்து திறப்பவருக்காக உட்புறம் ஒட்டிவிடுகிறார்கள்.