சுவரில் தொங்கிய சான்றிதழ்

நாம் மருந்தாளுநராய் ஊழியம் புரிந்த கடையை விட்டு நீங்கி இரு திங்கள் கழிந்தபின், ஒரு மாலை அவ்வழியே செல்ல நேர்ந்தது. நம் பதிவுச் சான்றிதழ் இன்னும் அங்கே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது! மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்றவராயிருத்தல் வேண்டுமென்பது 1948ஆம் ஆண்டுப் பார்மஸிச் சட்டத்தின் விதி. அவ்விதிக்கு நம் பெயர் காவல் நின்றது போலும். உட்புகுந்து எச்1 மருந்துப் பதிவேட்டைப் புரட்டினோம். நாள்தோறும் நம் கையொப்பம். (நம்முடையதினும் அழகாகவே இருந்தது!)

"பெயர்தானே தம்பி, தேய்ந்தா போகும்?" என்று முதலாளி நகைத்தார். நாம் பயின்ற காலத்தில் ஒருமுறை கல்லூரிக் கட்டணம் செலுத்தி உதவியவர் அவர். ஆதலின் நமக்கு நா எழவில்லை. ஆயினும், மருந்து மாறி ஒரு குழந்தைக்குத் தீங்கு நேரின் விடை கூறவேண்டியவர் யார்? அன்றிரவு உறக்கமில்லை. மறுநாள், விலகிய தேதியைக் குறித்து அவருக்குப் பதிவுத் தபாலும், மருந்து ஆய்வாளருக்கு அதன் நகலும் விடுத்தோம்.

ஒன்பதாம் நாள் சான்றிதழ் வீடு வந்து சேர்ந்தது. முதலாளி இன்றளவும் நம்மோடு பேசுவதில்லை.